முன்கதைத் தொடருக்குப் புதிய பாத்திரம்: நடிகரை எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

முத்தியால்பேட்டைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் புதுச்சேரியைச் சேர்ந்த ஏழு நண்பர்கள். சென்ற ஆண்டு 42 நிமிடம் ஓடும் சூப்பர் ஹீரோ குறும்படம் ஒன்றை எடுத்தோம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் 36 வயது மனிதருக்குக் கடலுக்கடியில் எழும் ஓசைகளைக் கரையில் நின்றபடியே கேட்கும் ஆற்றல் இருக்கிறது. அதை வைத்துக் கடலில் சிக்கியவர்களை அவர் மீட்கிறார். ஐஸ் கம்பெனி நடத்தும் பழைய நண்பன் ஒருவன் அவருக்கு எதிரியாக நிற்கிறான். ஒரு காதுகுத்து விழாவுக்குப் பந்தியில் ஆகும் செலவில் முடித்த படம் அது. ஆனாலும் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இருவரும் எப்படிப் பிரிந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், இப்போது ஆறு பகுதிகள் கொண்ட முன்கதைத் தொடர் ஒன்றை எழுதி முடித்திருக்கிறோம்.

முன்கதை 2004ஆம் ஆண்டில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் நடக்கிறது. நாயகனுக்கு 16 வயது, பின்னாளில் எதிரியாகப் போகிறவனுக்கு 17. கடைசிப் பகுதி டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிகிறது. அந்தத் தேதியைச் சொன்னாலே இந்தக் கரையில் யாருக்கும் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

குறும்படத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை இதில் புதிதாகச் சேர்த்திருக்கிறோம். கரையில் மீன் ஏலம் கூறும் பெண், வயது நாற்பத்தைந்து இருக்கும். இரண்டு பையன்களுக்கும் சோறு போடுகிறவரும் வேலை வாங்குகிறவரும் அவர்தான். நாயகனுடைய காது மற்றவர்கள் காதைப் போன்றதல்ல என்று முதலில் கண்டுகொள்பவரும் அவர்தான். இந்த வேடத்துக்கு இருவர் வந்து நடித்துக் காட்டினார்கள். ஒருவருக்குப் பார்த்தவுடன் மனம் இளகும் முகம், அழும் காட்சியை அருமையாகச் செய்தார். மற்றவர் குரலை உயர்த்தியபோது எங்கள் ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டார். அன்பான காட்சியிலும் அவரிடம் ஒரு மிரட்டல் இருந்தது. குழுவில் நான்கு பேர் முதலாமவர் பக்கம், மூன்று பேர் இரண்டாமவர் பக்கம். நான் அந்த மூவரில் ஒருவன்.

இளவயது நாயகனுக்கு வந்த பையன், குறும்படத்தில் நடித்தவரின் மூக்கையும் நெற்றியையும் உரித்து வைத்தவன்போல் இருக்கிறான். ஆனால் அவனுக்குக் குரல் உடைந்துகொண்டிருக்கிறது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படம் பிடிக்கிறவர்கள் என்பதால் முடிப்பதற்கு எட்டு ஒன்பது மாதங்கள் ஆகும். எதிரியின் இளவயதுக்கு வந்தவனோ முகத்தில் சிறிதும் பொருந்தவில்லை. ஆனால் நன்றாக நடிக்கிறான்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த ஏலக்காரப் பெண்மணி குறும்படத்தில் இல்லை என்பது பார்வையாளர்களுக்குத் தெரியும். கதை டிசம்பர் 26இல் முடிகிறது என்பதும் தெரியும். அப்படியானால் நடிகரின் பெயரை நாங்கள் அறிவித்த நாளிலேயே அவருடைய முடிவையும் அறிவித்துவிட்டோம் என்றுதானே பொருள்? இதற்கு என்ன செய்வது?


லாஸ்பேட்டைவாசி எழுதியது:

அண்ணா, வணக்கம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ‘காத்தம்’ தொடர்தான் நினைவுக்கு வந்தது. ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2014 செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரலில், ஐந்து சீசன்களில், சரியாக 100 பகுதிகளோடு முடிந்தது. பேட்மேன் பேட்மேனாவதற்கு முந்தைய கதை அது. நீங்கள் இப்போது திணறும் ஒவ்வொரு இடத்திலும் அவர்களும் திணறியிருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பேட்மேனின் எதிரியாகக் காமிக்ஸில் 1941ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்ட பாத்திரம் பெங்குவின். குட்டையான, தொப்பை விழுந்த உருவம். தலையில் உயரத் தொப்பி, கையில் குடை. தொடரில் அந்த வேடத்தை ஏற்ற ராபின் லார்ட் டெய்லர் ஒல்லியானவர், கூரிய முகம் கொண்டவர். உருவத்தை மட்டும் பார்த்திருந்தால் அவரைக் கூப்பிட்டே இருக்க மாட்டார்கள். ஆனால் தொடரின் தொடக்கத்தில் அவன் இன்னும் பெங்குவின் ஆகவில்லை. ஒரு தாதாப் பெண்மணிக்குக் குடை பிடிக்கும் எடுபிடி அவன். எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துப் பணிந்து, உள்ளே எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவன். அந்தப் பணிவையும் அந்தக் கணக்கையும் ஒரே சிரிப்பில் காட்டத் தெரிந்தவரைத்தான் அவர்கள் தேடியிருக்க வேண்டும். பெங்குவினுக்கே உரிய அந்தத் தத்தித் தத்தி நடக்கும் நடை, அதே பெண்மணி காலில் அடித்த அடியால் அவனுக்கு வந்து சேர்கிறது. அதாவது அடையாளம் நடிகரின் உடலோடு வரவில்லை, கதை அதைக் கொடுத்தது. ஆகவே, முகம் பொருந்தாத உங்கள் பதினேழு வயதுப் பையனை விட்டுவிடாதீர்கள். குறும்படத்தில் வரும் எதிரியிடம் ஏதாவது தழும்போ பழக்கமோ இருந்தால், அது எப்படி வந்தது என்பதை அவனுக்கு ஒரு காட்சியாக எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தாதாப் பெண்மணியின் பெயர் ஃபிஷ் மூனி. நடித்தவர் ஜேடா பின்கெட் ஸ்மித். காமிக்ஸில் இல்லாத, தொடருக்கென்றே உண்டாக்கப்பட்ட பாத்திரம். பெயரில் மீன் இருப்பது உங்களுக்கு நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போலீஸ்காரர் கார்டன் சாக மாட்டார், பேட்மேனாகப் போகும் சிறுவன் புரூஸ் சாக மாட்டான், பெங்குவினும் சாக மாட்டான்; பிந்தைய கதைக்கு இவர்கள் வேண்டும். இவர்களில் யார் நெற்றியில் துப்பாக்கியை வைத்தாலும் பார்க்கிறவனுக்குப் பதற்றம் வருவதில்லை. ஃபிஷ் மூனிக்கு மட்டும் அந்தக் காப்பு கிடையாது. அதனால் அவர் இருக்கும் காட்சிகளில் மட்டுமே எதுவும் நடக்கலாம் என்ற நிலை இருந்தது. முதல் சீசனின் முடிவில் பெங்குவின் அவரைக் கூரையிலிருந்து தண்ணீருக்குள் தள்ளுகிறான். பிறகு உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். கொண்டுவராமலே இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. இங்கே கவனிக்க வேண்டியது, பின்னாளில் நகரையே ஆட்டிப் படைக்கப்போகிறவன் இவருக்கு முன்னால் நடுங்கி நிற்கிறான் என்று நாம் நம்ப வேண்டியிருந்ததுதான். மனம் இளக வைக்கும் முகத்தால் அது முடிந்திருக்காது. எனவே என் வாக்கு உங்கள் மூவர் பக்கம்.

குரல் உடையும் பையனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘காத்தம்’ தொடரில் ஐவி என்ற சிறுமியின் வேடத்தில் முதல் இரண்டு சீசன்களில் கிளேர் ஃபோலி நடித்தார். அதன் பிறகு கதைக்குள்ளேயே ஒரு மாயத்தால் அவளுக்கு வயது கூடிவிட்டதாகச் சொல்லி மேகி கேஹாவைக் கொண்டுவந்தார்கள். நான்காவது சீசனில் மறுபடியும் உருமாற்றி பெய்டன் லிஸ்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு முறை என்றால் கதை என்று ஏற்றுக்கொள்ளலாம், இரண்டாவது முறை அது சாக்காகத்தான் தெரிந்தது. நடுவில் ஆளை மாற்றும் நிலையை மட்டும் வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.


திருப்பாதிரிப்புலியூர் வாத்தியார் எழுதியது:

தம்பிக்கும் லாஸ்பேட்டைத் தங்கைக்கும் வணக்கம். ஆங்கிலத் தொடர்களை நான் பார்த்தவன் அல்லன். ஆனால் முடிவு தெரிந்த கதையைப் பார்க்க ஆட்களை உட்கார வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி என்றால், அதற்கு நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது.

கடலூர், விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, அபிமன்னன் சாகப்போகிறான் என்பது முன்வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் விழும்போது அழுகிறார்கள். தம்பி, உங்கள் ஏலக்காரப் பெண்மணியின் முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்று நீங்கள் வருந்துவது எனக்கு விளங்கவில்லை. அவர் சாகப்போகிறார் என்று தெரிந்தவர்கள், அவர் அந்தப் பையனைத் திட்டும்போதுகூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள். மறைக்க முயன்று பாதி மறைத்தால் அதுவும் கெட்டுப்போகும்.

பாரதத்தில் இல்லாத ஒரே ஆள் அந்த மேடையில் கட்டியக்காரன்தான். வியாசரும் வில்லிபுத்தூராரும் எழுதாத அவன், திரைக்குப் பின்னால் நிற்கும் துரியோதனனை அழைத்து, நீ யார், எந்த ஊர், எதற்காக இங்கே வந்தாய் என்று கேட்கிறான். ராஜாவின் ஏவலாளாக நின்றுகொண்டே ராஜாவைக் கேலி செய்கிறான். கேட்டுக்கொண்டிருக்கும் ஊரையும் ஒரு பிடி பிடிக்கிறான். பாட்டும் விருத்தமும் ஊருக்குத் தெரியும். அவன் வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்பது மட்டும் தெரியாது. அதனால்தான் அந்த வேடத்தைப் புதிய ஆளிடம் எளிதில் கொடுக்க மாட்டார்கள். ராஜா வேடக்காரர் களைத்தாலும் வசனத்தை மறந்தாலும் இட்டு நிரப்பிக் கூத்தை இழுத்துச் செல்ல வேண்டியவன் அவன். இடையிடையே சிறு வேடங்களும் அவன் தலையில்தான் விழும். எனவே, புதிதாகச் சேர்க்கும் பாத்திரத்துக்கு உங்களிடம் வந்தவர்களிலேயே மிகத் தேர்ந்தவரைப் போடுங்கள். அந்த இருவரில் யார் உரத்த குரல்காரர், யார் மென்மையானவர் என்று பார்ப்பதைவிட, எதிரில் நிற்கும் பையன் தடுமாறும்போது யார் அவனைத் தாங்கிப் பிடிக்கிறார் என்று சோதித்துப் பாருங்கள். இருவரையும் அந்தப் பையன்களோடு நிறுத்தி, எழுதாத ஒரு காட்சியைப் பத்து நிமிடம் நடிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

முகச் சாயலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூத்தில் துரியோதனனை யாரும் முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை. சிவப்பு அரிதாரமும் கிரீடமும் புஜக்கட்டையும்தான் துரியோதனன். அடுத்த ஊரில் வேறொருவர் அதே வேடத்தைக் கட்டிக்கொண்டு வந்தாலும் அவர் துரியோதனனே.

அடுத்தது குரல். உங்கள் ஊர்க் கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. 1922இல் புதுச்சேரியில்தான் அவர் மறைந்தார். சிறுவர்களை மட்டுமே வைத்து நாடகம் நடத்த 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளை ஆட்டி வைத்த சிக்கல் உங்கள் சிக்கலேதான். வளரும் வயதில் குரல் உடையும் மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்றுவரை நாயகன் வேடத்திலும் பெண் வேடமான ஸ்திரீபார்ட்டிலும் பாடிக்கொண்டிருந்த பையனால் இன்று பாட முடியாது. வேடம் வேறொருவனுக்குப் போகும், குரல் கட்டிக்கொண்டு நிற்கும்வரை அவன் ஓரத்தில் நிற்பான். நீங்கள் பாட்டு நாடகம் போடவில்லை. கதையோ காதைப் பற்றியது. 16 வயதுப் பையனுக்குத் தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்கத் தொடங்கும் அதே ஆண்டில் கடலின் குரலும் கேட்கத் தொடங்குகிறது என்று வைத்தால், குறையென்று நீங்கள் அஞ்சுவது கதைக்கே முதலாகிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்; காட்சிகளைக் கதையின் வரிசைப்படியே படம் பிடிக்க வேண்டும். குரல் முன்னேயும் பின்னேயும் தாவக் கூடாது.


மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் முகச் சாயல் தேவையே இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. கூத்தில் அரிதாரம் இருக்கிறது, கேமராவில் வெறும் முகம்தான் இருக்கிறது. குறும்படத்தைப் பார்த்தவன் முதல் பகுதியின் முதல் ஐந்து நிமிடங்களில் இந்தப் பையன்தான் அந்த ஆள் என்று நம்பாவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாக நடித்தும் பயனில்லை. எதிரி எப்படியும் மாறிப்போகிறவன், அவனிடம் தளர்த்திக்கொள்ளலாம், நாயகனிடம் முடியாது.

மகரக்கட்டுத் தொல்லையே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சூப்பர்மேனின் இளவயதுக் கதையான ‘ஸ்மால்வில்’ தொடர் 2001இல் தொடங்கியபோது பள்ளி மாணவனான கிளார்க் கென்டாக நடித்த டாம் வெல்லிங்குக்கு 24 வயது. பத்து சீசன்கள் ஓடியும் அவரை மாற்ற வேண்டி வரவில்லை. உங்களுக்கு 24 வேண்டாம், இருபது வயதில் சிறு பையன்போல் இருக்கும் ஒருவன் கிடைக்காமலா போய்விடுவான்?

அதே தொடரில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு யுக்தி உண்டு. 1983இல் வந்த மூன்றாவது சூப்பர்மேன் படத்தில் கிளார்க்கின் பள்ளித் தோழி லானாவாக நடித்த அனெட் ஓ’டூல், இந்தத் தொடரில் கிளார்க்கின் வளர்ப்புத் தாயாக வந்தார். பழைய படங்களில் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டபர் ரீவும் 2003இல் ஒரு விஞ்ஞானியாக வந்து போனார். உங்கள் குறும்படத்தின் நாயகரையே முன்கதையில் அந்தப் பையனின் அப்பாவாகப் போடுங்கள். மூக்கும் நெற்றியும் அப்போது ஜாடையாகிவிடும். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஏலக்காரப் பெண்மணியைச் சாகடிப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் அந்தக் காலையை நேரில் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதிதாக ஒரு பாத்திரத்தை உண்டாக்கியதே கடைசிப் பகுதியில் அலைக்குக் கொடுப்பதற்காகத்தான் என்று அவர்களுக்குத் தோன்றினால், அது நன்றாக இராது.


லாஸ்பேட்டைவாசி மீண்டும் எழுதியது:

மஞ்சக்குப்பத்து நண்பர் கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ‘காத்தம்’ தொடரில் ஃபிஷ் மூனியின் அடியாளாக புட்ச் கில்சீன் என்று ஒருவன் வருவான். நடித்தவர் ட்ரூ பவல். அவனும் தொடருக்கென்று புதிதாக உண்டாக்கப்பட்டவன் என்றுதான் மூன்று சீசன்கள் முழுக்க எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். மூன்றாவது சீசனின் முடிவில் அவனுடைய உண்மையான பெயர் சைரஸ் கோல்ட் என்று சொன்னார்கள். காமிக்ஸில் சாலமன் கிரண்டி என்ற பேருருவமாக எழுந்து வருகிறவனின் பெயர் அது. புதியவன் என்று நினைத்தவன் முன்பே நமக்குத் தெரிந்தவனாக இருந்தான்.

அண்ணா, உங்கள் குறும்படத்தில் அந்தப் பெண்மணி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே இல்லையா? துறைமுகக் காட்சிகளில் கூட்டத்துக்கு நடுவே நாற்பத்தைந்தோடு இருபதைக் கூட்டிய வயதில் எந்தப் பெண்ணும் இல்லையா? ஒரு முறை போட்டுப் பாருங்கள்.


முத்தியால்பேட்டைக்காரன் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் ஐந்து பேர் அமர்ந்து குறும்படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். 31ஆவது நிமிடத்தில், துறைமுக வாசலில் இருக்கும் டீக்கடைக்கு முன்னால் நாயகர் நிற்கும் காட்சியில், ஒரு மூதாட்டி கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அவருக்குச் சில்லறை கொடுக்கிறார். வசனம் இல்லை. முகம் தெரியவில்லை, முதுகு மட்டும்தான். படம் பிடித்த அன்று அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டு நடிக்க வைத்தோம், நாங்களே மறந்துபோயிருந்தோம்.

அவர் ஏன் பேசவில்லை என்ற கேள்வி இப்போது எங்கள் கையில் இருக்கிறது. கரை முழுக்கக் கேட்கும்படி ஏலம் கூறிய குரல் 2004க்குப் பிறகு எங்கே போனது என்பதுதான் ஆறாவது பகுதியின் கடைசிக் காட்சியாக இருக்கும். இதைச் சொன்னதும் முதலாமவர் பக்கம் நின்ற நால்வரில் இருவர் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள், ஏனென்றால் இழப்பதற்கு முதலில் அந்தக் குரல் இருக்க வேண்டும். இருந்தாலும் வாத்தியார் ஐயா சொன்ன பத்து நிமிடச் சோதனையை இருவரையும் வைத்து வரும் ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்த பிறகுதான் பெயரை அறிவிப்போம்.

பையன் அவனேதான், மகரக்கட்டும் அவனுடையதே. கதையின் வரிசைப்படி படம் பிடிப்பதென்று முடிவு செய்துவிட்டோம், அதனால் படகு வாடகை கூடும், பார்த்துக்கொள்ளலாம். குறும்படத்தின் நாயகரை அப்பாவாகப் போடும் யோசனை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. அவருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் அப்பாவுக்கும் மகனுக்கும் வேறுபாடு தெரிய மீசையை எடுக்க வேண்டும் என்றதும், தன் தங்கைக்குத் தை மாதத்தில் கல்யாணம், அதற்கு முன் முடியவே முடியாது என்கிறார்.


மஞ்சக்குப்பத்தான் மீண்டும் எழுதியது:

மீசை இருக்கட்டும், தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுங்கள். கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடும்.